கன்னிமார் படி

மாமாவின் கிணற்றில் ஒரே ஒரு படி மட்டும் மஞ்சளாக இருக்கும். மற்றவை எல்லாம் மேலே பாறையின் கருப்பு, கீழே போகப் போகப் பாசியின் பச்சை. முக்கால் ஆழத்தில், சுவரிலிருந்து நாக்கை நீட்டியதுபோல் துருத்திக்கொண்டிருந்த அந்தக் கல்லை ஆடி நோம்பியன்று இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து இறங்கிப்போய், தேங்காய் நாரால் பாசி போகத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு வருவார்கள். மழை முந்திக்கொண்ட வருஷங்களில் படி தண்ணீருக்குள் கிடக்கும். அப்போது மஞ்சளைச் சொம்பில் கரைத்து மேலிருந்தே ஊற்றிவிடுவார்கள். கன்னிமார் படி என்று அதற்குப் பெயர். கன்னிமார் ஏழு பேரும் அதற்குக் கீழே உள்ள தண்ணீரில் குடியிருப்பதாக நம்பிக்கை. ஆகவே எந்த வறட்சியிலும் தண்ணீரை அந்தப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. படி தலைகாட்டியதும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். குடியிருக்கிற வீட்டுக்குக் கூரையைப் பிரிப்பார்களா என்பது மாமாவின் வாதம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெருமாநல்லூரிலிருந்து குன்னத்தூர் போகிற வழியில் அவருக்குத் தோட்டம். கிணறு மட்டும் பாதிதான் அவருடையது, மறுபாதி பங்காளியுடையது. தெற்குப் பக்கத் தோட்டம் என்பதால் அந்தப் பங்காளியைத் தெக்காலத்தார் என்போம். முந்தைய தலைமுறையில் நிலத்தைப் பிரித்தவர்கள் கிணற்றைப் பிரிக்க முடியாமல், ஒருநாள் இவருக்கு, மறுநாள் அவருக்கு என்று முறை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விடிகாலையில் மில் சங்கு ஊதினால் முறை மாறும். ஆளுக்கொரு மோட்டார். மாமா சில மாதங்கள் மூத்தவர் என்பதால் தெக்காலத்தார் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். இருவரும் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு அந்தக் கிணற்றில்தான் நீச்சல் பழகியவர்கள். தெக்காலத்தார் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து, அடியிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டுதான் மேலே வருவார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருடைய நீச்சலைப் பற்றி இங்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் நான் தபால் வழியில் சமூகவியல் எம்.ஏ. முடித்திருந்தேன். திருப்பூரில் அந்தப் படிப்புக்கு இருந்த மரியாதை, சித்திரை மாதத்தில் ஸ்வெட்டருக்கு இருக்கிற மரியாதை. ஒரு பனியன் கம்பெனி முதலாளி என் சான்றிதழை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, “சமூகவியல்னா என்னங்க?” என்று நிஜமான ஆர்வத்துடன்தான் கேட்டார். மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள், சமூகம் எப்படி மாறுகிறது என்று நான் மூச்சு வாங்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, “செரீங்க, டைப் அடிக்கத் தெரியுமுங்களா?” என்றார். தெரியும் என்றேன். அந்த ஒரு பதிலில் எனக்கு வேலை கிடைத்தது.

படித்தது முழுக்க உள்ளே தேங்கிக் கிடந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு மாமாவின் தோட்டத்துக்குப் போய்விடுவேன். அவர் பாத்திக்கு மடை மாற்றிக்கொண்டே கேட்பார். மடை மாற்றுகிறவர் எழுந்து ஓட முடியாது என்பது பேசுகிறவனுக்கு ஒரு வசதி. அப்படி ஒரு நாள் கன்னிமாரைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

“கன்னிமாருன்னு தனியா ஆரும் இல்லீங்க மாமா. ரெண்டு குடும்பம் ஒரு கெணத்தப் பங்கு போட்டுக்கோணும்னா ஒரு கட்டுப்பாடு வேணுமுங்க. மனுசன் போட்ட கட்டுப்பாட்ட மனுசன் மீறீருவான். அதுனால அந்தக் கட்டுப்பாட்டையே சாமியாக்கிக் கும்புட்டுக்கறாங்க. நீங்க கும்புடறது உங்களையேதானுங்க.”

மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். “அப்ப ஆடி நோம்பிக்கு உங்கத்தை மஞ்சப் பூசறது எனக்குத்தானா?”

“ஒரு வகையில ஆமாங்க.”

“அடேங்கப்பா! அவ வேற எதுக்கும் என்னையக் கும்புட்டதில்லியே.”

அடுத்த வாரம் போனபோது செய்தி தெற்குப் பக்கத்துக்கும் போயிருந்தது. தெக்காலத்தார் வரப்பில் நின்றபடியே கையைத் தட்டிக் கூப்பிட்டார். “ஏம் மாப்ளே, கன்னிமாருக்கு ரேசன் கார்டு இல்லைன்னு கண்டுபுடிச்சுட்டயாமா?” என்றார். பிறகு அவரும் மாமாவும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதில் இப்போது எனக்கு ஒரு ஆறுதல்கூட இருக்கிறது.

திருப்பூர் வெள்ளையிலிருந்து கலருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை பனியன் என்றால் வெள்ளை, துணியை வெளுத்தெடுத்தால் வேலை முடிந்தது. வெளிநாட்டு ஆர்டர் வந்தபின் கடலுக்கு அப்பால் இருந்து துணி வாங்குகிற பையர்களுக்குப் பருவத்துக்கு ஒரு நிறம் தேவைப்பட்டது. அந்த நிறங்களின் பெயர்களை டைப் அடிப்பது என் வேலை. நம் கத்தரிப்பூ நிறத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயரை நான் வாரத்துக்கு ஒரு விதமாகத் தப்பாக அடித்தேன். ஒரு துணி அந்த நிறத்தை வாங்கிக்கொள்ள எத்தனை தண்ணீர் குடிக்கும் என்பது டைப் அடிக்கிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. டவுனுக்குள் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சாயம் சரியாக ஏறாது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர். டேங்கர் லாரிகள் வடக்கே திரும்பின.

முதல் லாரியை ஓட்டி வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “அண்ணாச்சி, ஒரு லோடு தண்ணி தாரீயளா? சும்மா வேண்டாம், காசு தந்துருதோம்” என்று கேட்டார். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தண்ணீருக்குக் காசு வாங்குவது எங்கள் பக்கம் சாப்பிட்ட விருந்தாளியிடம் காசு கேட்பதற்குச் சமம். தண்ணீரையும் கொடுத்து, டிரைவருக்கு ஒரு சொம்பு மோரும் கொடுத்து அனுப்பினார். மாமாவின் அடுத்த முறையன்று அந்த டிரைவர் இன்னும் சில லாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தனை பேருக்கும் மோர் கொடுக்க மாமாவிடம் எருமை இல்லை. மோரை நிறுத்திவிட்டுக் காசை வாங்கிக்கொண்டார். சமூக மாற்றம் என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை நான் நேரில் பார்த்தது இந்த அளவில்தான்: ஒரு திங்கட்கிழமை மோர், புதன்கிழமை காசு. தெக்காலத்தாரும் அந்த வாரமே ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த கோடையில் படி தலைகாட்டியது. இரண்டொரு நாளில் படிக்குக் கீழே, அதுவரை யாரும் பார்த்திராத பாறையில், ஈரத்தின் கோடு தெரிந்தது. முதலில் இறக்கியது யார் என்று இன்றுவரை தெரியாது. தெக்காலத்தார்தான் என்று மாமா கற்பூரம் அணைத்துச் சொன்னார். மாமாதான் என்று தெக்காலத்தார் அதே கற்பூரத்தை அணைத்தார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை. அது மழையில்லாக் கோடை, வெறும் ஊற்று வற்றியே இறங்கியிருக்கலாம்.

ஆனால் அதன்பின் நடந்தது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. புரிந்துகொள்ளத்தானே படித்தேன். ஒரு கட்டுப்பாடு நாம் அதை நம்புவதால் நிற்பதில்லை. அடுத்தவர் அதை நம்புகிறார் என்று நாம் நம்புவதால் நிற்கிறது. மாமா கன்னிமாரை எவ்வளவு நம்பினார் என்று சொல்ல முடியாது. தெக்காலத்தார் நம்புகிறார் என்பதை முழுக்க நம்பினார். அந்தப் பக்கமும் அப்படியே. இந்த ஏற்பாட்டில் கன்னிமாருக்கு வேலையே கிடையாது, பெயரை மட்டும் இரவல் கொடுத்தால் போதும். அந்த நம்பிக்கை ஒரு நாள் போயிற்று என்றால், படிக்குக் கீழே விட்டுவைக்கும் தண்ணீர் தெய்வத்துக்கு அல்ல, மறுநாள் பங்காளியின் லாரிக்கு. அப்படியானால் தன் முறை முடிவதற்குள் கிணற்றை வழித்து எடுத்துவிடுவதுதான் ஒவ்வொருவருக்கும் புத்திசாலித்தனம். இரண்டு பேருமே முட்டாள்கள் இல்லை. இதில் பயங்கரமே அதுதான். முட்டாள்களாக இருந்திருந்தால் கிணறு பிழைத்திருக்கும்.

இதையெல்லாம் மண்ணில் குச்சியால் கோடு போட்டு மாமாவுக்கு விளக்கினேன். அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார்.

“அதெல்லாஞ் செரி மாப்ளே. மொதல்ல எறக்குனது ஆரு?”

“அது முக்கியமில்லீங்க மாமா. ஆரு எறக்கியிருந்தாலும் இப்பிடித்தான் வந்து நிக்கும்.”

“எனக்கு அதொண்ணுதான் முக்கியம்” என்றார். காலால் என் கோடுகளை அழித்துவிட்டுப் போனார். கோபத்தில் இல்லை, அது அவர் நடந்துபோகிற வழி. குற்றவாளி தேவைப்படாத விளக்கம் என்பது சமூகவியலின் பெருமை. அதே காரணத்தால்தான் அதை யாரும் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பதில்லை.

பேச்சு நின்றது. ஆடி நோம்பி வந்தது. படிக்கு மஞ்சள் பூசுவது இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து செய்ய வேண்டியது. ஒரு வீட்டார் மட்டும் தனியாக இறங்கினால் தோஷம். சேர்ந்து இறங்க முடியாததால் யாருமே இறங்கவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. மஞ்சள் போன இடத்தில் பாசி ஏறியது.

பேச்சுதான் நின்றதே தவிர சத்தம் நிற்கவில்லை. தெக்காலத்தார் தன் முறை முடியும் தறுவாயில், சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால், மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்றில் இறங்குவார். கயிற்றைத் தளர்த்தி மோட்டாரை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, மிச்சம் இருப்பதையும் உறிஞ்சப் பார்ப்பார். மாமாவும் தன் முறையில் இதைத்தான் செய்தார். ஆனால் தெக்காலத்தார் உள்ளே இறங்கியதும் மாமாவின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வைவார். கிணற்றுக்குள் நின்று வைவதில் ஒரு சௌகரியம், கிணறே அதைப் பெரிதாக்கி மேலே அனுப்பிவிடும். மாமா வீட்டு வாசல்வரை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். “தெக்காலத்துச் சங்கு ஊதிருச்சு, எந்திரிங்க” என்பார் மாமா. அத்தை சிரிக்க மாட்டாள். மாமா ரேடியோவைக் கூட்டி வைப்பார். வெங்காயத்துக்கு எப்போது உரம் வைப்பது என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, சங்கு ஊதி முறை மாறியதும் மாமா தன் மோட்டாரைப் போடக் கிணற்றுக்குப் போனார். தெக்காலத்தார் அடிப்பாறையில் கிடந்தார். கன்னிமார் படியில் கால் வழுக்கிய தடம் பாசியில் நீளமாகத் தெரிந்தது. அந்தப் படிவரை தண்ணீர் நின்றிருந்தால், அந்த நீச்சல்காரர் தண்ணீரில் விழுந்து, நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு, மிச்ச வசவையும் வைதுகொண்டே மேலே ஏறி வந்திருப்பார். மேலே தூக்கும்போது உயிர் இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். பெருமாநல்லூர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

இழவு வீட்டில் நான் இருந்தேன். மாமா ஒரு ஓரமாக, தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தெக்காலத்தாரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில், உரக்கக்கூட இல்லை, சாதாரணமாக ஒரு சங்கதி கேட்பதுபோல் கேட்டார்.

“மச்சாண்டாருக்குச் சத்தங் கேக்குலீங்களா?”

“மோட்டாருச் சத்தத்துல ஒண்ணுங் கேக்குல அம்மிணி” என்றார் மாமா.

மோட்டாரை நிறுத்தாமல் யாரும் கிணற்றில் இறங்குவதில்லை. அப்போது முறை செத்தவருடையது, ஓடியிருந்தால் அவருடைய மோட்டார்தான் ஓடியிருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தோட்டமும் கிணறும் வைத்திருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரியும். ஒருவர் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். இன்னொருவர் பாடை கட்ட மூங்கில் வந்துவிட்டதா என்று விசாரித்தார். ஒரு கட்டுப்பாடு எப்படிப் பிறக்கிறது என்று புத்தகத்தில் நான் படித்தது மங்கலாகத்தான் இருந்தது. அன்று கண்ணெதிரே ஒன்று பிறந்தது. யாரும் போடவில்லை, யாரும் அறிவிக்கவில்லை. அந்தச் சத்தத்தைப் பற்றி இனிமேல் பேசக் கூடாது. இதை எந்தச் சாமியின் பெயரும் இல்லாமலே ஊர் காப்பாற்றியது.

காரியம் முடியும்வரை லாரிகள் மரியாதையாகத் தார்ரோட்டிலேயே நின்றன. முடிந்தபின் தெக்காலத்து அம்மா தன் முறையில் மோட்டாரைப் போட்டார். அவருக்கு வேறு வழி இல்லை. மாமா தன் முறையில் போடவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் போடவில்லை. அவர் முறைத் தண்ணீர் கிணற்றிலேயே நின்று மறுநாள் அந்த அம்மாவுக்குப் போயிற்று. அதை அவர் கொடுத்ததாகச் சொல்லவில்லை, அந்த அம்மாவும் வாங்கியதாகச் சொல்லவில்லை. மாமாவின் தென்னைகள் மொட்டையாயின. அத்தை தினமும் அவரை வைதாள், வீட்டுக்குள் நின்று, கிணற்றின் உதவி இல்லாமலே. ஓரிரு வருஷத்தில் கிணறு முழுசாக வற்றி, லாரிகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. மாமா ஒரு சாயப்பட்டறையில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். தண்ணீர் லாரி வந்தால் கேட்டைத் திறந்துவிடுவது வேலை.

அங்கே ஒரு நாள் மத்தியானம் அவரைப் பார்க்கப் போனேன். காக்கிச் சட்டை அவருக்குப் பெரிதாக இருந்தது. வெகுநாளாக என் மனதில் கிடந்ததை மெதுவாக எடுத்தேன். கன்னிமார் இல்லை என்று அன்றைக்கு நான் பேசியதால்தான் உங்கள் இருவருக்கும் பயம் விட்டுப்போயிற்றோ என்று கேட்டேன். கொஞ்சம் கண்ணீர்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

மாமா என்னை வியப்பாகப் பார்த்தார். “நீ பேசுனதா? அத அன்னைக்குப் பொழுதோடயே மறந்துட்டமே மாப்ளே. லாரி வந்துது, எறக்குனம்.”

என் பாவத்தையும் அவர் பிடுங்கிக்கொண்டார். ஒரு கிணற்றைக் கெடுக்கிற அளவுக்குக்கூட என் படிப்புக்குச் செல்வாக்கு இருந்ததில்லை. நான் அவமானத்தை விழுங்கிக்கொண்டிருந்தபோது, அவர் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

“சத்தங் கேட்டுது மாப்ளே.”

நானும் ரோட்டைப் பார்த்தேன்.

“எப்பவும் வையற நேரந்தான். ரேடியோவக் கூட்டி வெச்சன். அப்பறமுங் கேட்டுது.” சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “அண்ணான்னு கூப்புட்டான்” என்றார். “வையறவன் அண்ணான்னு கூப்புடுவானா?”

பட்டறைக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சாயத்தின் நெடி மூக்கில் ஏறியது. அவரே திரும்பிக் கேட்டார். “உம் படிப்புல இதுக்கு ஒரு பேரு இருக்குமே?”

“இருக்குதுங்க மாமா.”

“என்ன?”

சொன்னேன். ஒருவனைப் பகையாளி என்று மனதில் ஒருமுறை வகைப்படுத்திவிட்டால், அதன்பின் அவன் என்ன சொன்னாலும் காது அதைப் பகையாகவே வாங்கிக்கொள்ளும். கூப்பிட்டாலும் வசவாகத்தான் கேட்கும். கேட்கிறவன் கெட்டவனாக இருக்க வேண்டும் என்பதில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன விளக்கங்களில் அதுதான் மிகச் சுருக்கமானது. அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியாது. அண்ணா என்ற சொல் அவருக்கு அண்ணா என்றே கேட்டிருக்கிறது என்பதை இருவருமே தொடவில்லை.

லாரி ஹார்ன் அடித்தது. மாமா எழுந்தார். கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி சற்று நின்றார்.

“பேரு வெச்சிருக்கறாங்கன்னா, இதுக்கு முன்னாலயும் ஆரோ பண்ணியிருக்கறாங்கன்னு ஆச்சு” என்றார். பிறகு கேட்டைத் திறந்துவிட்டார்.

சமூகவியலால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால், பிற்காலத்தில் என்னைப் பேசக் கூப்பிட்ட மேடைகளில் நான் வேறு பதில்கள் சொல்வதுண்டு. எனக்குள்ளே இருக்கிற பதில் இதுதான். அது ஒரு சாவையும் தடுத்ததில்லை. ஒரு மத்தியானம், ஒரு காக்கிச் சட்டைக்காரருக்கு, உலகத்தில் இதைச் செய்தவன் தான் மட்டும் இல்லை என்று காட்டியது. அது ஆறுதலா, அதைவிடக் கொடிய ஒன்றா என்று அவர் சொல்லாமலே ஒன்றிரண்டு வருஷத்தில் செத்துப்போனார். அவருக்கும் நல்ல கூட்டம். தெக்காலத்து அம்மா வந்து, கால்மாட்டில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கிணற்றை எட்டிப் பார்த்தேன். நிறையத் தண்ணீர். எடுக்க ஆளில்லாததாலும், பட்டறைகள் ஓடையில் விடுவது பாறை வழியே கசிந்து ஊறுவதாலும் மேட்டுக்குக் கொஞ்சம் கீழேவரை நிற்கிறது. அதன் நிறத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். இளம் கத்தரிப்பூ. வெளிநாட்டுப் பெயரை இப்போது சரியாகவே அடிப்பேன். மாடு வாய் வைக்காது, தென்னைக்கு விட்டால் கருகிவிடும் என்று வழியில் போனவர் எச்சரித்தார். மோட்டார்கள் இரண்டும் இல்லை, முறையும் இல்லை. அத்தனை தண்ணீருக்கும் அடியில் எங்கேயோ அந்தப் படி கிடக்கிறது. இப்போது யாரும் தண்ணீரைக் கன்னிமார் படிக்குக் கீழே இறக்குவதில்லை.